எட்டு ஷில்லிங் தேர்வு

மாத்யூ ஆர்னால்டை நமக்கு விமர்சகராகத் தெரியும். ‘டோவர் பீச்’ கவிதையைக் கல்லூரியில் படித்தவர்களுக்குக் கவிஞராகவும் தெரியும். ஆனால் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது வேறு வேலையில். 1851 முதல் 1886 வரை அவர் இங்கிலாந்தில் பள்ளி இன்ஸ்பெக்டர். ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு ஊர் ஊராகப் போய் அவர்கள் வாசிப்பதைக் கேட்பார், விடைத்தாள் கட்டுகளைத் திருத்துவார், அறிக்கை எழுதுவார். அலுத்துப்போய்க் கடிதங்களில் புலம்பியும் இருக்கிறார். 1862இல் தன் துறையே கொண்டுவந்த புதிய விதிகளை எதிர்த்து ‘ஃப்ரேசர்ஸ்’ இதழில் பெயர் போடாமல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். எழுதியவர் யார் என்பது பெரிய ரகசியமாக இருக்கவில்லை. ஆனாலும் வேலை போகவில்லை.

அந்த விதிகளின் சூத்திரதாரி ராபர்ட் லோ. அவர் கேட்ட கேள்வியில் தப்பு சொல்ல முடியாது. பள்ளிகளுக்கு அரசு கொடுக்கும் மானியம் வருஷா வருஷம் ஏறிக்கொண்டிருந்தது. 1861இல், தொடக்கக் கல்வியை ஆராய்ந்த நியூகாசில் கமிஷன் சொன்னதோ, பிள்ளைகளில் பெரும்பகுதியினர் எழுத்தும் கணக்கும் உருப்படியாகக் கற்காமலே வெளியேறுகிறார்கள் என்று. அப்படியானால் பணம் எங்கே போகிறது? புதிய முறை மலிவாக இல்லாவிட்டால் திறமையாக இருக்கும், திறமையாக இல்லாவிட்டால் மலிவாகவாவது இருக்கும் என்று லோ நாடாளுமன்றத்தில் உறுதி சொன்னார்.

கணக்கு இப்படிப் போனது. பிள்ளைகளின் வருகைக்காகத் தலைக்கு 4 ஷில்லிங். ஆறு வயது கடந்த பிள்ளை 200 வேளையாவது பள்ளிக்கு வந்திருந்தால், இன்ஸ்பெக்டர் முன் தேர்வுக்கு நிற்கலாம். அதற்கு 8 ஷில்லிங். வாசிப்பில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்னி பிடித்தம். எழுத்தில் தவறினால் இன்னொரு 2 ஷில்லிங் 8 பென்னி. கணக்கிலும் தவறினால் மிச்சமும் போயிற்று. திக்குகிற ஒரு பையனின் நாக்கில் ஆசிரியரின் அரிசிக் காசு தொங்கியது. காய்ச்சலில் கிடந்த பிள்ளையைப் போர்வையில் சுற்றித் தேர்வு நாளன்று தூக்கிக்கொண்டு வந்த கதைகள் அந்தக் காலத்து நினைவுகளில் ஏராளம்.

ஆர்னால்டு பார்த்தது இன்னும் நுட்பமானது. பிள்ளைகள் தேறினார்கள். ஆனால் வாசிக்கத் தெரிந்து தேறவில்லை. வருஷம் முழுக்க ஒரே வாசகப் புத்தகத்தை உருப்போட்டவர்களுக்கு, அதே தரத்தில் வேறொரு புத்தகத்தைக் கையில் கொடுத்தால் நாக்கு புரளவில்லை. எழுதப் படிக்கக் கணக்குப் போடத் தெரியாமலேயே எழுத்து, வாசிப்பு, கணக்கு மூன்றிலும் தேற வைத்துவிட முடிகிறது என்று 1867 அறிக்கையில் அவர் பதிவு செய்தார். வரலாறும் பூகோளமும் இலக்கணமும் காசு தராத பாடங்கள் என்பதால் ஒதுங்கின. உடனே அதற்கு மருந்தாக, அந்தப் பாடங்களுக்கும் தனிக் காசு என்று விதி வந்தது. தேர்வு கெடுத்ததை இன்னொரு தேர்வால் சரிசெய்கிற பழக்கத்துக்கு அப்போதே வயது ஐந்து.

லோவின் வாக்குறுதியில் ஒரு பாதி உடனே பலித்தது. 1860களின் தொடக்கத்தில் 8 லட்சம் பவுண்டைத் தாண்டியிருந்த மானியச் செலவு 1865இல் ஏறக்குறைய 6 லட்சத்து 37 ஆயிரத்துக்கு இறங்கியது. மலிவு என்ற பாதி அது.

இந்தச் சரக்கு கப்பலேறி நம்மிடமும் வந்தது. ‘ரிசல்ட்ஸ் கிராண்ட்’ என்ற பெயரில் 1860களிலேயே சென்னை மாகாணத்தில் நுழைந்து, மற்ற மாகாணங்களைவிட இங்கேதான் ஆழமாக வேரூன்றியது. திண்ணைப் பள்ளி வாத்தியார்களுக்கு அதுவரை ஊர்தான் படியளந்தது. நெல்லும் காசும் விசேஷ நாள் வரிசையும் வரும்; பிள்ளைக்குப் படிப்பு ஏறியதா என்பதைத் தகப்பன் தன் வீட்டுக் கணக்கை எழுதச் சொல்லிப் பார்த்துக்கொள்வான். இப்போது வருஷத்துக்கு ஒருமுறை ஒரு துரையோ துரையின் உதவியாளரோ வந்து, சர்க்கார் போட்ட தரப்பட்டியலின்படி கேள்வி கேட்டு, தேறிய தலைகளை எண்ணிக் காசு கொடுத்தார். இந்தியக் கல்வியை ஆராய்ந்த 1882இன் ஹண்டர் கமிஷன் தொடக்கப் பள்ளிகளுக்கு இதுவே பொதுவிதி என்று சிபாரிசு செய்தது. பின்தங்கிய பகுதிகளுக்கு மட்டும் விலக்கு. இங்கிலாந்தில் 1890 வாக்கில் இந்த முறை கலையத் தொடங்கிவிட்டது. இங்கே வைஸ்ராய் கர்சன் காலத்தில், 1904 கல்வித் தீர்மானத்துக்குப் பிறகுதான் விட்டது. எஜமான் கழற்றிப் போட்ட சட்டையைப் பதினைந்து வருஷம் கூடுதலாகப் போட்டுக்கொண்டிருந்தோம்.

பழங்கதை போதும். இந்த மானிய விதிகளைப் படித்தவருக்கு அமெரிக்காவின் ‘நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்’ சட்டத்தில் புதிதாக ஒன்றுமில்லை என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதில் லோவின் தலையில் உதிக்காத ஒரு நல்ல எண்ணம் இருந்தது.

அதன் வேர் 1965இல் இருக்கிறது. லிண்டன் ஜான்சன் இளவயதில் டெக்சாஸின் கொட்டுல்லா என்ற சிற்றூரில் மெக்சிகோ வழிப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தவர். ஜனாதிபதியானதும், ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு மத்திய அரசுப் பணம் தரும் சட்டத்தைத் தன் சொந்த ஊர்ப் பக்கத்துப் பள்ளிக்கூட வாசலில், தனக்கு முதலெழுத்து சொல்லிக்கொடுத்த டீச்சரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையெழுத்திட்டார். அந்த மசோதாவைச் சுலபமாக விடாமல் பிடித்தவர் செனட்டர் ராபர்ட் கென்னடி. பணம் பள்ளிக்குப் போகும், பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று யார் பார்ப்பது என்று கேட்டு, மதிப்பீடு உண்டு என்ற ஷரத்தைச் சேர்க்கவைத்தார். அவர் கேட்டது பள்ளி நிர்வாகிகள் மேலிருந்த சந்தேகத்தால். கறுப்பினப் பிள்ளைகளுக்கு என்று வந்த பணத்தில் வேறு யாரோ கட்டடம் கட்டிக்கொள்வார்கள் என்ற சந்தேகம் அன்றைய அமெரிக்காவில் அதிகப்படியானது அல்ல.

2002 ஜனவரி 8 அன்று ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டம் அந்தச் சந்தேகத்தின் முழு வடிவம். பிரதிநிதிகள் சபையில் 381 பேர் ஆதரவு, 41 பேர் எதிர்ப்பு. செனட்டில் 87க்கு 10. ராபர்ட்டின் தம்பி எட்வர்ட் கென்னடி அதன் முக்கிய சிற்பிகளில் ஒருவர். மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை வருஷந்தோறும் வாசிப்பிலும் கணக்கிலும் மாநிலத் தேர்வு, உயர்நிலைப் பள்ளியில் ஒருமுறை. முடிவைப் பள்ளியின் சராசரியாகச் சொன்னால் போதாது. கறுப்பினத்தார், ஹிஸ்பானியர், ஏழைகள், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருப்பவர்கள், மாற்றுத்திறனாளிகள் என்று ஒவ்வொரு பிரிவாகப் பிரித்துக் காட்ட வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் 95 சதவீதம் பேர் தேர்வு எழுதியிருக்க வேண்டும்.

இந்தக் கடைசி வரி சின்னதாகத் தெரியும். அதற்கு முன் பல பள்ளிகளில் தேர்வு நாளன்று மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சராசரி கெட்டுவிடும். வசதியான புறநகரில், பெயர் பெற்ற பள்ளியில், நூறில் எண்பது பிள்ளைகள் பிரமாதமாக எழுத, மீதி இருபது பேர் பத்து வருஷம் பின்வரிசையில் உட்கார்ந்து எழுந்து போனதைச் சராசரி மறைத்து வைத்திருந்தது. சட்டம் அந்தத் திரையை இழுத்துக் கிழித்தது. குடிமை உரிமை அமைப்புகள் இன்றுவரை இந்தச் சட்டத்தின் அந்த ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க மறுப்பதற்குக் காரணம் இதுதான். 2015இல் நியூயார்க் மாநிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளைப் பெற்றோர்கள் தேர்வு எழுத விடாமல் தடுத்தபோது, எதிர்ப்பில் முன்னால் நின்றது லாங் ஐலண்ட் போன்ற புறநகர்ப் பகுதி. அந்த மே மாதம் பன்னிரண்டு குடிமை உரிமை அமைப்புகள் சேர்ந்து தேர்வுப் புறக்கணிப்பைக் கண்டித்தன. தேர்வு வேண்டாம் என்று சொல்ல வசதி உள்ளவர்கள் யார் என்பது அந்த மோதலில் வெளிப்படையாகவே தெரிந்தது.

இத்தோடு நின்றிருந்தால் நல்ல சட்டம் என்று எழுதிவிட்டு நான் வேறு வேலை பார்த்திருப்பேன். ஆனால் கண்டுபிடிப்பதோடு சட்டம் நிற்கவில்லை. 2013-14க்குள் ஒவ்வொரு பிரிவிலும் நூற்றுக்கு நூறு பேர் தகுதி நிலையை எட்டியாக வேண்டும் என்றது. இரண்டு வருஷம் இலக்குத் தவறினால் பெற்றோர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம். அடுத்த வருஷம் தனிப் பயிற்சிச் செலவு பள்ளியின் தலையில். அதற்கும் மேலே போனால் ஆசிரியர்களை மாற்றலாம், பள்ளியையே கலைத்துத் தனியாரிடம் கொடுக்கலாம். நூற்றுக்கு நூறு என்பது அரசியல்வாதி மேடையில் சொல்வது. அதைச் சட்டப் புத்தகத்தில் எழுதினால் என்ன ஆகும்? தகுதி என்பது எவ்வளவு என்று முடிவு செய்யும் உரிமை மாநிலங்களிடம் இருந்தது. சில மாநிலங்கள் தேர்ச்சிக் கோட்டைக் கீழே இறக்கிக்கொண்டன. 2011இல் நாட்டின் கல்விச் செயலர் ஆர்னி டங்கன், அந்த ஆண்டு 82 சதவீதப் பள்ளிகள் தோல்வி முத்திரை பெறலாம் என்று எச்சரித்தார். உண்மையில் பாதியளவு பெற்றன. பாதிப் பள்ளிகள் தோற்றவை என்றால் அந்த முத்திரைக்கு என்ன அர்த்தம் மிஞ்சும்?

சட்டத்துக்கு முன்மாதிரியாகக் காட்டப்பட்ட இடம் டெக்சாஸ், அதிலும் ஹூஸ்டன் நகரம். அந்த நகரப் பள்ளிகளின் தலைவராக இருந்த ராட் பெய்ஜ்தான் புஷ்ஷின் கல்விச் செயலரானார். 2003இல் பூசணிக்காய் சோற்றிலிருந்து வெளியே வந்தது. ஹூஸ்டனின் ஷார்ப்ஸ்டவுன் உயர்நிலைப் பள்ளியில் ஒரே வருஷத்தில் 463 பேர் வெளியேறியிருக்க, இடைநிற்றல் பூஜ்யம் என்று பதிவாகியிருந்தது. டெக்சாஸில் பள்ளியின் தரத்தை முடிவுசெய்த தேர்வு பத்தாம் வகுப்பில் நடந்தது. தேறமாட்டார்கள் என்று தோன்றியவர்கள் ஒன்பதாம் வகுப்பிலேயே நிறுத்தப்பட்டார்கள். இதைப் படிக்கும் தமிழ் வாசகர் புன்னகைக்கக்கூடும். ஒன்பதாவதில் டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டு, பத்தாவதில் நூறு சதவீதம் என்று பேனர் கட்டும் வித்தையை நமக்கு யாரும் டெக்சாஸிலிருந்து வந்து சொல்லித்தரவில்லை.

ஆனால் ஹூஸ்டன் வெறும் கணக்கு மோசடி. அட்லாண்டா அப்படியல்ல. அதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஜார்ஜியா மாநிலத் தலைநகரின் பள்ளிகளை 1999 முதல் நடத்தியவர் பெவர்லி ஹால். பள்ளிக்குப் பள்ளி இலக்கு வைத்தார். எட்டியவர்களுக்கு ஊக்கத்தொகை, எட்டாத தலைமையாசிரியர்களுக்கு வாசல். மதிப்பெண்கள் ஏறின. 2009இல் நாட்டின் சிறந்த பள்ளிக் கண்காணிப்பாளர் என்ற விருது அவருக்கு வந்தது. அந்த ஏற்றத்தைச் சந்தேகித்தவர்கள் உள்ளூர்ச் செய்தித்தாளான ‘அட்லாண்டா ஜர்னல்-கான்ஸ்டிட்யூஷன்’ நிருபர்கள். ஒரே வருஷத்தில் ஒரு வகுப்பு இவ்வளவு தாவ முடியுமா என்று புள்ளிவிவரத்தைப் போட்டுப் பார்த்தார்கள்.

பென்சிலால் வட்டத்தை நிரப்பும் விடைத்தாள் அது. அழித்துவிட்டு வேறு வட்டத்தை நிரப்பினால், பழைய கரி முழுக்கப் போகாது. ஸ்கேனர் அந்த மங்கலான தடத்தையும் படிக்கும். எந்தப் பிள்ளையும் இரண்டொரு விடையை மாற்றும். சரியைத் தப்பாக மாற்றும், தப்பை வேறு தப்பாக மாற்றும், தப்பைச் சரியாகவும் மாற்றும். ஆனால் ஒரு வகுப்பு முழுக்க, தாளுக்குத் தாள், தப்பு மட்டும் சரியாக மாறியிருந்தால்? கவர்னர் நியமித்த விசாரணை 2011இல் வெளியிட்ட அறிக்கை 44 பள்ளிகளில் 178 பேரைக் குறிப்பிட்டது. அவர்களில் 82 பேர் ஒப்புக்கொண்டார்கள். ஒரு தொடக்கப் பள்ளியில், தேர்வு வாரத்தின் பிற்பகல்களில், ஜன்னலில்லாத ஓர் அறையைப் பூட்டிக்கொண்டு ஏழு ஆசிரியர்கள் உட்கார்ந்து தாள்களைத் திருத்தியிருக்கிறார்கள். கைரேகை படாமலிருக்கத் தலைமையாசிரியை கையுறை போட்டுக்கொண்டார் என்று சாட்சியம் வந்தது. இன்னொரு பள்ளியினர் வார இறுதியில் ஒருவர் வீட்டில் கூடி அதே வேலையைச் செய்தார்கள்.

ஆசிரியர்கள் கையில் இருந்தது சிவப்பு மைப் பேனா அல்ல, அழிப்பான். தப்பைக் கண்டுபிடிப்பதுதான் அவர்கள் தொழில். பெருக்கலில் சறுக்குகிறவன் யார், ‘b’க்கும் ‘d’க்கும் தடுமாறுகிறவள் யார் என்பதை அந்த அறையில் அவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்திருப்பார்கள். எந்தப் பிள்ளைக்கு எங்கே உதவி வேண்டும் என்பதற்கு அதைவிடத் துல்லியமான ஆவணம் கிடைக்காது. அதைத்தான் அழித்தார்கள். விளைவு உடனே தெரிந்தது. தேறியதாகக் காட்டப்பட்ட பிள்ளைக்குக் கூடுதல் பயிற்சி கிடையாது. பார்க்ஸ் என்ற நடுநிலைப் பள்ளி, முன்னேற வேண்டிய பள்ளிகளின் பட்டியலிலிருந்து விடுபட்டதால் 7,50,000 டாலர் உதவியை இழந்தது. ஏழைப் பிள்ளைகளுக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா என்று ராபர்ட் கென்னடி கேட்டாரே, அந்தக் கேள்விக்காகவே பிறந்த சட்டத்தின் அச்சத்தில் அந்தப் பணம் திரும்பிப் போனது.

35 பேர் மீது குற்றப்பத்திரிகை. மாஃபியா கும்பல்களை மடக்க உருவான வகைச் சட்டம் ஆசிரியர்கள் மேல் பாய்ந்தது. 2015 ஏப்ரல் 1 அன்று 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. பெவர்லி ஹால் அதற்கு ஒரு மாதம் முன்னால் புற்றுநோயில் இறந்துபோனார். அவர் வழக்கு விசாரணைக்கே வரவில்லை. கையில் விலங்கு மாட்டி அழைத்துச் செல்லப்பட்டவர்களில் பலர் கறுப்பினப் பெண்கள். அவர்கள் செய்தது குற்றம்தான். மேலிடத்து நெருக்கடி என்பதற்காக அதை மென்று விழுங்க எனக்கு மனமில்லை. பிள்ளையை ஏமாற்றியது அவர்கள் கை. ஆனால் நிறைவேற்ற முடியாத இலக்கைச் சட்டமாக எழுதியவர்கள் யாரும் அந்தக் கூண்டில் நிற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எண்ணுக்கு எவ்வளவு அதிகாரம் கொடுக்கிறோமோ அவ்வளவுக்கு அது கெட்டுப்போகும், அது அளக்க வந்த காரியத்தையும் கெடுக்கும் என்று உளவியலாளர் டொனால்ட் கேம்ப்பெல் 1970களிலேயே எழுதியிருந்தார். கல்வித் தேர்வுகளையே அதற்கு உதாரணமாகவும் காட்டியிருந்தார். சட்டம் எழுதியவர்கள் படிக்க முடியாத இடத்தில் ஒன்றும் அது இல்லை.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. அமெரிக்காவில் யாரும் ஏமாற்ற முனையாத ஒரு தேர்வும் இருக்கிறது. 1969 முதல் நடக்கும் தேசியக் கல்வி மதிப்பீடு. நாடு முழுக்க மாதிரிக்குச் சில பள்ளிகள், அவற்றில் சில பிள்ளைகள். ஒரு பிள்ளை முழுத் தாளையும் எழுதுவதில்லை, ஆளுக்கு ஒரு துண்டு. பிள்ளைக்கு மதிப்பெண் கிடையாது, பள்ளிக்கும் கிடையாது. மாநிலமும் சில பெரிய நகரங்களும் எப்படி இருக்கின்றன, கறுப்பினப் பிள்ளைகள் எப்படி, ஏழைகள் எப்படி என்பது மட்டும் தெரியும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதைப் புள்ளியியல் ஒழுங்கோடு செய்கிறார்கள். மாநிலத் தேர்வில் எண்ணிக்கை வானத்துக்கு ஏறும்போது, இந்தத் தேர்வில் அது படியிலேயே நிற்பதைப் பார்த்துத்தான் பலரும் மாநிலங்களின் பொய்யைப் பிடித்தார்கள். நல்ல செய்தியும் இதிலிருந்தே வந்தது: சட்டத்துக்குப் பிறகு நான்காம் வகுப்புக் கணக்கில் மெய்யான முன்னேற்றம் இருந்ததாக டாமஸ் டீ, பிரையன் ஜேக்கப் என்ற பொருளியலாளர்கள் காட்டினார்கள், வாசிப்பில் அப்படி ஒன்றும் இல்லை. அட்லாண்டாவின் பிள்ளைகளும் இந்தத் தேர்வில் அதே ஆண்டுகளில் முன்னேறியிருந்தார்கள் என்பதுதான் இன்னும் வேதனை. உண்மையான ஏற்றம் கொஞ்சம் இருந்திருக்கிறது. அழிப்பான் அதன் மேலும் கரி பூசிவிட்டது.

அப்படியானால் வருஷா வருஷம் எல்லோருக்கும் தேர்வு எதற்கு, மாதிரித் தேர்வு போதாதா? எனக்கு அந்தப் பக்கம்தான் சாய்வு. ஆனால் முழுக்கச் சாய முடியவில்லை. மாதிரித் தேர்வு மாநிலத்தின் நோயைச் சொல்லும். என் மகள் படிக்கும் பள்ளி அவளைக் கைவிட்டுவிட்டதா என்று கேட்கும் தாய்க்கு அதில் பதில் கிடையாது. பள்ளி தரும் மதிப்பெண் பட்டியலை நம்புவதா வேண்டாமா என்று தெரியாத தாய்க்கு, வெளியிலிருந்து வரும் ஒரு தாள் தேவைப்படுகிறது. அந்தத் தாளை வைத்து ஆசிரியரின் சம்பளத்தையும் பள்ளியின் ஆயுளையும் முடிவு செய்யாதிருந்தால் போதும். ஒபாமா ஆட்சி எதிர்த்திசையில் போய், ஆசிரியர் மதிப்பீட்டையே தேர்வோடு கட்டச் சொல்லி மாநிலங்களுக்குப் பணத்தாசை காட்டியது. ஃப்ளோரிடாவில் ஓவிய ஆசிரியரைக்கூடப் பிள்ளைகளின் வாசிப்பு மதிப்பெண்ணால் அளந்தார்கள். பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண் வேறுபாட்டில் ஆசிரியரால் விளைவது 1 முதல் 14 சதவீதம் வரைதான் என்று ஆய்வுகள் சொல்வதாக அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2014இல் அறிவித்தது. 2015 டிசம்பரில் புதிய சட்டம் வந்து தண்டனைகளை மாநிலங்களின் இஷ்டத்துக்கு விட்டது. வருடாந்திரத் தேர்வும் பிரிவுவாரிக் கணக்கும் 95 சதவீத விதியும் அப்படியே இருக்கின்றன.

கல்வித் தரத்துக்குப் பெயர்போன மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வில் தேறினால்தான் பள்ளிப் பட்டயம் என்ற விதி இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. 2024 நவம்பரில் வாக்காளர்கள் அதை எடுத்துவிட்டார்கள். முன்னின்றது ஆசிரியர் சங்கம், எதிர்த்தவர்களில் கவர்னரும் உண்டு. இரண்டு தரப்பும் ஏழைப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்டன. தேர்வு ஒழியவில்லை, மத்தியச் சட்டம் ஒழியவிடாது. பிள்ளைகள் வழக்கம்போல உட்கார்ந்து எழுதுகிறார்கள். தவறினால் ஒன்றும் பறிபோகாது. ஏமாற்றுவதற்கான காரணம் போயிற்று. கூடவே, அக்கறையாக எழுதுவதற்கான காரணமும் பாதி போயிற்று. இனி அங்கே மதிப்பெண் சரிந்தால், பிள்ளைகளுக்குத் தெரியாததால் சரிந்ததா, எழுதினால் என்ன எழுதாவிட்டால் என்ன என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்ததால் சரிந்ததா என்று இரண்டு கட்சியும் அடுத்த பத்தாண்டுக்குச் சண்டை போடலாம்.